மகளைப் பற்றிக் கேட்டீர்கள், மகனைப் பற்றிச் சொல்கிறேன்

வாசகி ஒருவரின் கடிதம்:

மேடம், நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். அமெரிக்கா வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளுக்கு வரும் ஆகஸ்டில் டெக்ஸஸிலேயே ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பயாலஜி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பிறகு மெடிக்கல் போகவேண்டும் என்று ஆசை. இப்போது திடீரென்று சொராரிட்டி (மாணவிகள் சங்கம்) ‘ரஷ்’, அதாவது அதில் சேரும் தேர்வுக்குப் போகப்போகிறேன் என்கிறாள். ஸ்கூல் தோழிகள் எல்லாரும் போகிறார்களாம். குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு பெண்கள் வாசலில் நின்று கைதட்டிப் பாடும் வீடியோக்களைக் காட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணவரோ, ‘அதெல்லாம் நெட்வொர்க்கிங், நாளைக்கு வேலைக்கு உதவும்’ என்கிறார். எவ்வளவு செலவாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மகன் டெக்ஸஸிலேயே வேறொரு யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். அவனும் ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் (பையன்களுக்கான அதே மாதிரிச் சங்கம்) சேருகிறான். அது நம் இந்தியப் பையன்கள் நடத்துவது, அதனால் கவலை இல்லை. நாலைந்து வாரமாக ஏதோ ‘ப்ராசஸ்’ நடக்கிறதாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை, வெளியே சொல்லக்கூடாது என்கிறான். ஸ்பிரிங் பிரேக்குக்கு வந்தபோது இளைத்திருந்தான், நாள் முழுக்கத் தூங்கினான். ‘நாங்க கோயம்புத்தூர்ல பார்க்காத ராகிங்கா’ என்று கணவர் சிரிக்கிறார். மகளை எப்படித் தடுப்பது? தடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் கேள்வியெல்லாம் மகளைப் பற்றி, மகனுக்குப் போகிறபோக்கில் நாலு வரி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த நாலு வரிதான். மகள் விஷயத்துக்கு ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. மகனிடம் இந்த வாரமே பேசவேண்டும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராத்திரியில் போன் எடுக்காதது, வெளியே சொல்லக்கூடாது என்பது, இளைத்தது, பகலெல்லாம் தூங்கியது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தக் கல்லூரிப் பையனைப் பற்றியும் சொல்லலாம். நாலும் ஒன்றாக, அதுவும் ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் சேரும் வாரங்களில் வந்தால், என்னைப் போல மாணவர் நல அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்காருவோம். அவனை யாரோ அடிக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவனுடைய ராத்திரிகள் இப்போது அவன் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்தாகவேண்டும்.

‘நம் பையன்கள் நடத்துவது’ என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1990-களில் தெற்காசிய மாணவர்கள் தங்களுக்கென்று இந்த அமைப்புகளைத் தொடங்கினார்கள். அதில் உங்கள் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டெல்டா எப்சிலான் சை என்ற ஃப்ரட்டர்னிட்டியும் காப்பா ஃபை காமா என்ற சொராரிட்டியும் 1998-ல் ஆஸ்டினில் பிறந்தவை. அதே வருடம் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா என்ற இன்னொரு சொராரிட்டி. பழைய வெள்ளைக்காரக் கிளப்புகளில் ஒட்டமுடியாத பிள்ளைகள் தங்களுக்கு ஒரு திண்ணை வேண்டும் என்று கட்டிக்கொண்டவை இவை. வீட்டைவிட்டு முதல்முறை வெளியே வந்து, பேச ஆளில்லாமல் கிடந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அங்கே அண்ணன்களும் அக்காக்களும் கிடைத்திருக்கிறார்கள். அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஊர்ப்பாசம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு ஆகிவிடாது. 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவரை, பை டெல்டா சை என்ற ஆசிய-அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டியினர் சேர்ப்புச் சடங்குக்காக பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதிக்கு அழைத்துப்போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் நிரப்பிய பையை மாட்டி, உறைந்த தரையில் நடக்கவிட்டு, வழியில் மோதித் தள்ளினார்கள். இந்த நாட்டில் ஆசியர்கள் சந்திக்கும் தடைகளை உணர்த்தும் சடங்காம் அது! நினைவிழந்து விழுந்த பையனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாள் இறந்துபோனார். 37 பேர் மேல் வழக்குப் பதிவானது. 2018-ல் நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த அமைப்புக்கே அபராதமும் பென்சில்வேனியாவில் 10 ஆண்டுத் தடையும் விதித்தார்கள். அந்த 37 பேரும் அவரவர் வீட்டில் ‘நம்ம பசங்க’ என்று நம்பப்பட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

சின்ன அமைப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் சொந்தக் கட்டிடம் கிடையாது, சம்பளத்துக்கு மேற்பார்வையாளர் கிடையாது. யாரோ ஒரு சீனியரின் வாடகை அபார்ட்மெண்டில்தான் எல்லாம் நடக்கும். இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களைப் பார்த்துக்கொள்ள இருபத்தொரு வயதுப் பையன்களே பொறுப்பு. ப்ராசஸ் ரகசியம் என்பதையே பெருமையாகச் சொல்வார்கள். எல்லா அமைப்புகளும் அப்படியல்ல, எத்தனையோ சாப்டர்கள் (வளாகத்துக்கு வளாகம் உள்ள கிளைகள்) ஒழுங்காக நடக்கின்றன. உங்கள் மகன் சேருவது எந்த வகை என்பதுதான் நமக்குத் தெரியவேண்டும்.

அடுத்து உங்கள் கணவரின் சிரிப்பு. அவர் எந்த ராகிங்கை நினைத்துச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. பாட்டுப் பாடச் சொன்னது, இல்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னது, பிறகு அதே சீனியரோடு டீக்கடைக்குப் போனது. அவர் தலைமுறைக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் நாவரசுவைச் சீனியர் ஒருவர் கொன்றதும், அதையொட்டித் தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும். நாவரசுவின் அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே பாதுகாப்பு இல்லாமல் போனது என்றுதான் ஊரே பேசியது.

நம் ஊர் ராகிங்குக்கும் இங்கே ஹேஸிங் (அமைப்பில் சேருகிறவர்களை வதைக்கும் சடங்குகள்) என்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ராகிங் ஹாஸ்டலில் காலடி வைத்தவர் எல்லாருக்கும் நடக்கும். யாரும் அதை விரும்பிக் கேட்டு வாங்கியதில்லை, அதனால் புகார் சொல்லவும் மனம் வரும். இங்கே உங்கள் மகன் தானாக விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், பணமும் கட்டிச் சேருகிறான். நடப்பதெல்லாம் அவனுக்குச் சாதனை. இன்னும் ரெண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று நினைப்பான். கூடச் சேருகிற பையன்களைக் கைவிடக்கூடாது என்பது வேறு. அதனால்தான் ‘உன்னை ராகிங் பண்றாங்களா?’ என்று கேட்டால் ‘சீ, அதெல்லாம் இல்லம்மா’ என்பான். பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை, அவன் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. 2008-ல் மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்க 11,000-க்கு மேற்பட்ட மாணவர்களைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில் கிளப், அணி, அமைப்புகளில் இருப்பவர்களில் 55 சதவீதம் பேர் ஹேஸிங்கைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நடந்ததை ஹேஸிங் என்று சொல்லவே இல்லை.

ஆகவே பெயர் வைக்காமல், நடப்பதை மட்டும் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? ராத்திரி உன் போன் யாரிடம் இருக்கிறது? சாப்பாட்டுக்கோ, பேசுவதற்கோ, உடைக்கோ ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா? குடிக்கச் சொன்னார்களா? நடுவில் விலகினால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவன் தயங்கினால் அதுவே பதில். ஒழுங்காக நடக்கிற சாப்டரில் ‘வேண்டாம்னா போகலாம்’ என்பார்கள், பையனும் அதைச் சட்டென்று சொல்லிவிடுவான். கேட்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். அப்பாவும் அம்மாவுமாக ஸ்பீக்கரில் போட்டு விசாரணை நடத்தாதீர்கள். யாரிடம் மனம்விட்டுப் பேசுவானோ அவர் மட்டும் பேசட்டும், அது அவன் தங்கையாகவும் இருக்கலாம்.

அப்பா பேசுவதாக இருந்தால் சட்டத்தைச் சொல்லட்டும். நம் பையன்கள் உணர்ச்சிக்கு மசியாவிட்டாலும் சட்டத்துக்குக் காது கொடுப்பார்கள். டெக்ஸஸில் ஹேஸிங் குற்றம். அடி உதை மட்டும் இல்லை, உடலையோ மனத்தையோ பாதிக்கும்படி தூக்கத்தைக் கெடுப்பதும் சட்டத்தில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. ‘அவனே சம்மதித்தான்’ என்பது அங்கே எடுபடாது. நேரில் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். இதில்தான் உங்கள் மகன் இதுவரை நினைத்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. இந்த வருடம் அவன் வாங்கிக்கொள்கிறவன், அடுத்த வருடம் அவனையே நடத்தச் சொல்வார்கள். ஏதாவது விபரீதம் நடந்தால் குற்றப்பத்திரிகையில் வருவது அவன் பெயர். அவன் இன்னும் கிரீன் கார்டில் இருந்தால் நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் கைது பற்றிய கேள்விக்கும் பதில் எழுதவேண்டியிருக்கும். உயிர் போன வழக்குகளில் உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சேர்த்துச் சிவில் வழக்கும் போடுகிறார்கள். விதியை மீறியவர்களுக்கு ஃப்ரட்டர்னிட்டியின் இன்சூரன்ஸ் கைகொடுக்காது என்றாகி, பெற்றோரின் வீட்டு இன்சூரன்ஸ் வரை விவகாரம் வந்து நின்றதும் உண்டு.

குடி பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், நம் வீடுகளில் இதைப் பேசாமல் தாண்டிவிடுகிறோம். சேர்ப்பு முடியும் தறுவாயில் ஒவ்வொரு புதியவனுக்கும் ஓர் ‘அண்ணன்’ கொடுப்பார்கள், ‘பிக்-லிட்டில் நைட்’ என்று பெயர். அந்த அண்ணன் கையில் ஒரு முழு பாட்டில் சாராயத்தைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வது சில இடங்களில் வழக்கம். 2021 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் ஒரு மாணவர், மார்ச்சில் ஒஹாயோவில் ஒரு மாணவர், இருவரும் இப்படி ஓர் இரவில் குடித்ததால்தான் இறந்தார்கள். 2017-ல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இறந்த பையனுக்கு 82 நிமிடத்தில் 18 பானங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. படிக்கட்டில் விழுந்தவரைச் சோபாவில் கிடத்தினார்கள், மறுநாள் காலையில்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்ற நினைப்புதான் கொல்கிறது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். எழுப்பினால் எழவில்லை, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி விழுகிறது, தோல் சில்லிட்டு உதடு நீலமாகிறது, நினைவில்லாமலே வாந்தி எடுக்கிறான் என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 911-ஐக் கூப்பிடவேண்டும். குடித்தவர் 21 வயதுக்குக் கீழே என்றாலும், உதவிக்குக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருப்பவருக்கு டெக்ஸஸ் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. இதை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்லிவையுங்கள். எந்தக் கிளப்பிலும் சேராமல் டார்மில் (மாணவர் விடுதியில்) மட்டும் இருந்தாலும் தேவைப்படும்.

அவன் சொல்வது உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால், காரை எடுத்துக்கொண்டு போய் அந்த அபார்ட்மெண்ட் வாசலில் நிற்காதீர்கள். ஒரு அப்பா அப்படிச் செய்தால் பையன் மறுநாளிலிருந்து வீட்டுக்குப் பேசமாட்டான். பல்கலைக்கழகத்தின் டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். பெயர் சொல்லாமலும் விவரம் தரலாம். ஹேஸிங் தகவலுக்கென்றே பெயர் கேட்காத ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது: 1-888-668-4293. அவனே முன்வந்து தெரிவித்தால் டெக்ஸஸ் சட்டத்தில் அவனுக்குப் பாதுகாப்பு உண்டு.

இனி மகள்.

உங்கள் வயிற்றைக் கலக்கிய வீடியோக்கள் எனக்கும் தெரியும். அவை விளம்பரம். அதை வைத்துச் சேரவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். உண்மையில் நடப்பது வேறு மாதிரி. நாடு முழுக்க 26 பழைய சொராரிட்டிகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, 1902-லிருந்து. பெரிய வளாகங்களில் அவற்றின் சாப்டர்கள் ஒன்றாகத் தேர்வு நடத்தும், பல இடங்களில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்ட் வெயிலில். முதலில் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சில நிமிடம் பேசவேண்டும். சுற்றுக்குச் சுற்று இவளும் சில வீடுகளைக் கழிப்பாள், அவர்களும் இவளைக் கழிப்பார்கள். பெண் பார்க்கும் படலம்தான், ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டார் வந்து பார்ப்பதுபோல. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்லை. ஏன் கழித்தார்கள் என்று யாரும் காரணம் சொல்லமாட்டார்கள்.

எனக்கு மகளின் பாவாடை நீளத்தைப் பற்றிக் கவலையில்லை, இந்த வாரத்தைப் பற்றித்தான் யோசிக்கச் சொல்வேன். நன்றாகப் படித்து, எல்லா இடத்திலும் பாராட்டு வாங்கியே வளர்ந்த பெண். கல்லூரியில் முதல் வகுப்புக்கே போகாத நிலையில், அரைமணி நேரப் பேச்சை வைத்து நாலைந்து வீடுகள் அவளை வேண்டாம் என்று சொல்லப்போகின்றன. அதில் நிறமும் வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். 2013-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில், எல்லாத் தகுதியும் இருந்த கறுப்பினப் பெண் ஒருவரைப் பழைய உறுப்பினர்களின் தலையீட்டால் சொராரிட்டிகள் கழித்துவிட்டதாக மாணவர் பத்திரிகையே எழுதியது, அதன்பிறகுதான் அங்கே கதவு பரவலாகத் திறந்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல், இந்தியப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவும் பாட்டியும் அதே சொராரிட்டியில் இருந்த பெண்களுக்குப் பேச்சு வழக்கம் முதல் ஷூ வரை எல்லாம் தெரிந்திருக்கும். உங்கள் பெண்ணுக்கு அது எதுவும் தெரியாது. நாலு தோழிகளில் மூன்று பேருக்குக் கிடைத்து இவளுக்கு மட்டும் கிடைக்காமல் போனால் என்ன செய்வாள் என்று இப்போதே அவளிடம் கேளுங்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடிந்தால் போகட்டும்.

குடி, ஆண் பிள்ளைகள் என்று நீங்கள் வெளிப்படையாக எழுதாத பயம் ஒன்று இருக்கிறது. கூட்டமைப்பைச் சேர்ந்த சொராரிட்டி வீடுகளுக்குள் பெரும்பாலும் மதுவுக்கு அனுமதி இல்லை. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அதனால் என்ன ஆகிறது என்றால், பார்ட்டி என்றாலே ஃப்ரட்டர்னிட்டி வீட்டில்தான். யார் உள்ளே வரலாம், என்ன ஊற்றுவது, கதவை எப்போது மூடுவது எல்லாம் பையன்கள் கையில். முதல் செமஸ்டரில் ஆகஸ்ட் முதல் நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வரையிலான வாரங்களை வளாகங்களில் ‘ரெட் ஸோன்’ என்பார்கள், புதிதாக வந்த பெண்கள் மீது பாலியல் அத்துமீறல்கள் அதிகம் நடக்கும் காலம். சொராரிட்டியில் சேராத பெண்ணும் அதே பார்ட்டிகளுக்குப் போவாள் என்பதையும் மறக்கக்கூடாது. சேர்ந்தவளுக்குக் குறைந்தபட்சம் கூட்டிக்கொண்டு வர அக்காக்கள் இருப்பார்கள். நல்ல சாப்டரில் அதற்கென்றே அன்று குடிக்காத ஆட்களை முறைபோட்டு வைப்பார்கள். ‘அன்றைக்கு யார் முறை என்று முன்கூட்டியே தெரியுமா?’ என்று மகள் அங்கே கேட்கட்டும்.

உங்கள் கணவர் சொல்லும் நெட்வொர்க்கில் பாதி உண்மை. அரசியல், சட்டம், ஃபைனான்ஸ், விற்பனை போன்ற துறைகளில் பழைய உறுப்பினர்களின் தொடர்பு நிஜமாகவே கதவைத் தட்டித் தரும். சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கவந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1986-ல் சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா அமைப்பின் பெண்கள் அவருடைய தேர்தல்களில் ஊர் ஊராக வேலை செய்தார்கள். ஆனால் அது 1908-ல் கறுப்பினப் பெண்கள் தொடங்கி, ஆயுள் முழுக்கத் தொடர்கிற வேறொரு மரபு. டாக்டராக நினைக்கிற உங்கள் மகளுக்கு மெடிக்கல் காலேஜ்காரர்கள் பார்ப்பது மார்க், எம்கேட் நுழைவுத் தேர்வு, நோயாளிகளோடு செய்த வேலை. சொராரிட்டிப் பெயர் அங்கே ஒரு வரி, அவ்வளவே.

எனவே பெயருக்குப் பின்னால் போகாமல் அந்த வளாகத்தில் உள்ள அந்தச் சாப்டரைப் பாருங்கள். ஒரே சொராரிட்டி ஓர் ஊரில் தங்கமாகவும் இன்னோர் ஊரில் தலைவலியாகவும் இருக்கும். பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டருக்குச் செமஸ்டர் சாப்டர் வாரியாக சராசரி மதிப்பெண்ணை இணையத்தில் போடுகின்றன. அதில் மொத்தச் சராசரியைப் பார்க்காமல், புதிதாகச் சேர்ந்தவர்களின் சராசரியைத் தனியாகப் பாருங்கள். அங்கே விழுந்திருந்தால் சேர்ப்பு வாரங்கள் படிப்பைத் தின்கின்றன என்று பொருள். அடுத்து ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியல். டெக்ஸஸ் பல்கலைக்கழகங்கள் 2019 சட்டத்தின்படி ஹேஸிங் நடவடிக்கைகளைப் பொதுவில் வெளியிடவேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தால் இப்போது நாடு முழுக்கவே அமைப்பின் பெயரோடு அறிக்கை வெளியிடவேண்டும். மகனின் ஃப்ரட்டர்னிட்டியையும் அதில் தேடிப்பாருங்கள். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரப் பட்டியலிலேயே அது இல்லையென்றால் அது இன்னும் மோசம். அங்கீகாரம் ரத்தான பிறகும் வெளியே தனியாக நடத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பணம்: சில வளாகங்களில் செமஸ்டருக்குச் சில நூறு டாலரோடு முடியும், பெரிய தெற்கத்திய வளாகங்களில் பல ஆயிரம் ஆகும். மாதச் சந்தாவை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை நழுவவிடுவார்கள். சேர்ப்புக் கட்டணம், பேட்ஜ், வீட்டில் தங்காதவர்களிடமும் வாங்கும் கட்டிடக் கட்டணம், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டிஷர்ட், ‘லிட்டில்’ தங்கைக்குப் பரிசுக் கூடை. இரண்டாம் வருடம் அந்த வீட்டிலேயே தங்கியாகவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, நடுவில் விலகினால் அந்த வாடகை யார் தலையில் என்று கட்டாயம் கேட்கவேண்டும். இந்தக் கணக்கை நீங்கள் போடாதீர்கள். மகளையே போடச் சொல்லுங்கள், நாலு வருடத்துக்கும் சேர்த்து, ஒரு தாளில். எதை யார் கட்டுவது என்று அந்தத் தாளை வைத்துப் பேசலாம்.

தடுக்கலாமா என்று கேட்டீர்கள். சட்டப்படி தடுக்க வழியில்லை. பதினெட்டு வயதானவளுக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை, அவள் சம்மதிக்காமல் மார்க்கைக்கூடப் பல்கலைக்கழகம் பொதுவாக உங்களுக்குக் காட்டாது. பணத்தை நிறுத்தித் தடுத்தால் நின்றுவிடுவாள், கூடவே வீட்டில் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். மகன் விஷயத்தில் இப்போது நீங்கள் எதற்காகத் தவிக்கப்போகிறீர்களோ, அதே பேச்சுவார்த்தை மகளிடம் இன்னும் அறுபடாமல் இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் செமஸ்டரில் வேண்டாம் என்பேன். கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் ஒன்றாக வரும் அந்த நாலு மாதம் மெடிக்கல் கனவுக்காரர்களுக்குக் கொடுமையானது. நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும்: பெரிய வளாகங்களில் பெரிய வீடுகள் ஆகஸ்டிலேயே நிரம்பிவிடும், காத்திருந்தால் தேர்ந்தெடுக்க இருப்பது குறைவு. ‘அப்ப எனக்கு இடமே இருக்காது’ என்று அவள் வாதாடினால் அதில் நியாயம் உண்டு.

ஆகஸ்டிலேயே போவது என்று முடிவானால் ஒரே ஒரு தாளைப் பற்றி எச்சரித்து அனுப்புங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் ஓர் ஒப்பந்தம் நீட்டுவார்கள். சேரச் சம்மதிக்கும் வீடுகளை வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதில் எழுதிய ஒரு வீடு அழைத்து, இவள் மறுத்துவிட்டால், அந்த வளாகத்தில் அந்த 26 சொராரிட்டிகளில் வேறெதிலும் அடுத்த வருடத் தேர்வு வரை சேரமுடியாது. ராத்திரி, களைப்பு, பக்கத்தில் அழுகிற தோழி, இதற்கு நடுவில் ‘ஏதாவது ஒன்று கிடைக்கட்டும்’ என்று பிடிக்காத வீட்டின் பெயரையும் எழுதிவிடுகிற பெண்கள் ஏராளம். பிடித்தது ஒன்றே ஒன்று என்றால் ஒன்றை மட்டும் எழுதலாம். எதுவும் பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், பதிவுக் கட்டணம் போகும், அவ்வளவுதான். இடம் மீதியுள்ள சாப்டர்கள் செமஸ்டர் நடுவிலும் ஜனவரியிலும் ஆள் சேர்ப்பது உண்டு. டிசம்பர் மார்க் கையில் வந்தபிறகு அந்த வழியிலும் அவள் போய்ப் பார்க்கலாம்.